ஆறு மணித்தியாலம் திறந்திருக்க வேண்டிய சொலினொயிட் வால்வு கருகிப்போகிறது: வழி என்ன?

கேள்வி: நீர்வேலித் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நீர்வேலியில் என் சித்தப்பா எண்பது வாழை நட்டிருக்கிறார். கிணற்று நீரை மோட்டரால் நான்கு மீற்றர் உயரத்தில் உள்ள தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து சொட்டுநீர்க் குழாய்களுக்கு விடுகிறோம். முழங்கால் வருத்தம் வந்த பின்னர் நாளும் பொழுதும் தொட்டியடிக்குப் போய் வால்வைத் திருகுவது அவருக்கு இயலாமற் போய்விட்டது. ஆகவே அரை அங்குலச் சொலினொயிட் வால்வு (மின் கொடுத்தால் கம்பிச்சுருள் காந்தமாகி, உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டை இழுத்துத் திறக்கும் வால்வு) ஒன்றை வாங்கி, ரைமருடன் இணைத்துப் பூட்டிக் கொடுத்தேன். மின் இல்லாதபோது மூடியிருக்கும் வகை அது. 12 வோல்ற்று நேரோட்டத்தில் (டி.சி.) இயங்குவது என்று அதிலே எழுதியிருக்கிறது. சோலர் தகடு ஒன்றும் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி ஒன்றும் அதற்கு மின் கொடுக்கின்றன. காலை 9 மணிக்குத் திறந்தால் பிற்பகல் 3 மணிக்குத்தான் மூட வேண்டும்.

முதலாவது வால்வு பதினொரு நாள் வேலை செய்தது. பிறகு ஒரு மத்தியானம் தொட்டியடியில் வார்னிஷ் கருகும் மணம் வருகிறதென்று சித்தி சொல்லிப் போய்ப் பார்த்தேன். சுருளின்மேல் ஒட்டியிருந்த தாள் பழுப்பேறி ஓரங்களில் சுருண்டிருந்தது, பிளாஸ்ரிக் உடலின் ஒரு பக்கம் அப்பளம் பொரிந்தாற்போல் உப்பியிருந்தது. இரண்டாவதை அதே கடையில் வாங்கி, மழை படாமல் இருக்கட்டும் என்று ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தேன். அது மூன்று கிழமை நின்றது. இப்போது மூன்றாவதைப் பூட்டியிருக்கிறேன், ஆனால் தொட்டுக்கொண்டு ஐந்து வரை எண்ண முடியாத அளவுக்கு அதுவும் சுடுகிறது. அதைவிட விளங்காத ஒன்று: மத்தியானத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டு உடனே திரும்பப் போட்டால் வால்வு திறப்பதில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திறக்கிறது.

கடைக்காரரோ 12 வோல்ற்றுப் பொருளுக்கு 12 வோல்ற்றுக் கொடுத்தால் எரிய நியாயமில்லை என்கிறார். சித்தப்பா பழைய கேற் வால்வே போதும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். இந்தச் சூடு இயல்பானதுதானா? சிறிய மின்விசிறி ஒன்று வைத்தால் தீருமா? நீண்ட நேரம் மின் கொடுத்தும் சுருள் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: பௌதிகவியல் ஆசிரியர், கோப்பாய்

தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதி மட்டுமே சரி. 12 வோல்ற்று என்று எழுதியிருப்பது அந்தச் சுருள் இழுக்க வேண்டிய அளவுக்கு இழுப்பதற்கான வோல்ற்றளவு. எவ்வளவு நேரம் அதைத் தாங்கும் என்பது வேறொரு கணக்கு. நல்ல உற்பத்தியாளர்கள் அதனை ஈ.டி. என்ற இரண்டு எழுத்துடன் வீதமாகக் குறிப்பிடுவார்கள். 100 வீதம் என்றால் இடைவிடாமல் மின் கொடுக்கலாம். 25 வீதம் என்றால் ஒரு பங்கு நேரம் மின் கொடுத்து மூன்று பங்கு நேரம் ஆறவிட வேண்டும். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருமுறை தொடர்ந்து மின் கொடுக்கக்கூடிய உச்ச நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனெனில் 25 வீதம் என்பதை வைத்துக்கொண்டு ஆறு மணித்தியாலம் எரித்துவிட்டுப் பதினெட்டு மணித்தியாலம் ஆறவிட்டேன் என்று ஒருவரும் தப்ப முடியாது. உங்கள் வால்வில் அப்படி ஒன்றும் எழுதியில்லை என்றால், தொடர்ந்து இயங்குவதற்காகச் செய்யப்பட்டதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பற்றரி. 12 வோல்ற்றுப் பற்றரி என்று நாங்கள் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். நீங்கள் வால்வைத் திறந்து வைக்கும் நேரம் முழுவதும் வெயில் நேரம், அதாவது தகடு பற்றரிக்கு மின்னேற்றும் நேரம். அப்போது பற்றரியின் முனைகளில் 14 வோல்ற்றுக்கு மேலே நிற்கும், 14.4 வரைகூடப் போகும். சுருளில் வெப்பமாக மாறும் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பின்பற்றும் என்பதை உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். 14.4 ஐ 12 ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.44 வருகிறது. ஆகவே உங்களை அறியாமலே அந்தச் சுருளுக்கு 44 வீதம் மேலதிக வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சூடாக இருக்கும்போது வால்வு திறக்காததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 வீதம் கூடும். சுருள் 80 பாகை சூடேறினால் தடை மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடும், மின்னோட்டம் நான்கில் ஒரு பங்களவு குறைந்துவிடும், இழுவிசையோ மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு விழும். ஏற்கெனவே இழுபட்டிருக்கும் தண்டைப் பிடித்து வைத்திருக்க அந்த மின்னோட்டம் தாராளமாகப் போதும், மூடியிருக்கும் தண்டைத் தூக்கத்தான் போதாது.

இந்த இயல்பையே வெப்பமானியாகவும் பயன்படுத்தலாம். மல்ரிமீற்றர் ஒன்று இருந்தால், காலையில் மின் கொடுக்க முன்னர் சுருளின் தடையையும் அந்நேரக் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மின்னைத் துண்டித்து, வயரைக் கழற்றி, அரை நிமிடத்துக்குள் மீண்டும் தடையை அளவிடுங்கள். சூடான தடையைக் குளிர்ந்த தடையால் வகுத்து, காலை வெப்பநிலையுடன் 234.5 ஐக் கூட்டி வந்த தொகையால் பெருக்கி, அதிலிருந்து 234.5 ஐக் கழித்தால் சுருளின் உள்ளே இருக்கும் சராசரி வெப்பநிலை கிடைக்கும். விரலால் தொட்டுப் பார்ப்பது வெளித்தோலை மட்டுமே சொல்லும். கணக்கை இங்கே எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

பதில் 2: கொயில் கட்டுபவர், சுன்னாகம்

முப்பது வருடமாக மோட்டர் கொயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆசிரியர் சொன்னதற்கு மேலே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சூடு என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம், எந்தச் சூட்டுக்குக் கட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. காவலி, அதாவது கம்பிக்கு மேலுள்ள மின்காப்பு, எவ்வளவு சூடு தாங்கும் என்பதை வகுப்பு சொல்லும்: வகுப்பு ஏ என்றால் 105 பாகை, பி என்றால் 130, எஃப் என்றால் 155, எச் என்றால் 180. எஃப் வகுப்புச் சுருள் ஒன்று 100 பாகையில் நாள் முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் தொட்டவரின் விரல் வெந்துவிடும். மலிவான வால்வுகளில் வகுப்பு எழுதியிருக்காது. அப்படியானவற்றை ஏ என்றே நான் எடுத்துக்கொள்வேன். எல்லைக்கு மேலே பத்துப் பாகை கூடினால் காவலியின் ஆயுள் பாதியாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. பதினொரு நாளில் போன வால்வு எவ்வளவு சூடேறியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

செய்யக் கூடாத இன்னொன்றும் செய்திருக்கிறீர்கள்: மூடிய பெட்டி. மழைக்குப் பயந்து வெப்பத்தை அடைத்து வைத்துவிட்டீர்கள். மேலே கூரைபோல ஒரு தகடும் பக்கங்களில் காற்றுப் போக வழியும் இருந்தால் போதும். மின்விசிறி வேண்டாம். வெப்பம் பிறப்பது சுற்றுகளுக்கு நடுவில், அங்கிருந்து எனாமலையும் பிளாஸ்ரிக்கையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். வெளியே ஊதி அதை அதிகம் குறைக்க முடியாது, விசிறி நின்ற அன்றைக்குச் சுருளும் போய்விடும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக 230 வோல்ற்று ஆடலோட்ட (ஏ.சி.) சொலினொயிட்டைப் பற்றியும் ஒரு சொல். அது வேறு சாதி. தண்டு முழுதாக உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் சுருளின் தூண்டுதிறன் (மாறும் மின்னோட்டத்தை மறிக்கும் தன்மை) உயர்ந்து மின்னோட்டம் அடங்கும். அரைவாசியில் நின்றுவிட்டால், தொடக்கத்தில் பாயும் பெருத்த மின்னோட்டம் குறையாமல் பாய்ந்துகொண்டே இருக்கும், சில நிமிடங்களிலேயே சுருள் கருகும். எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் வால்வின் தண்டிலும் படிந்து அதை அரைவாசியில் நிற்கச் செய்கிறது. என்னிடம் எரிந்து வரும் ஆடலோட்ட வால்வுகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தால், தண்டின் நுனியில் சுண்ணாம்பு ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். வினாகிரியில் அல்லது தேசிக்காய்ச் சாற்றில் ஓர் இரவு ஊறவிட்டால் அது கழன்றுவிடும். வாடிக்கையாளர்கள் வோல்ற்றளவைக் குறை சொல்வார்கள், நான் தேசிக்காய் வாங்கச் சொல்வேன்.

இரண்டு எச்சரிக்கைகள். மின் இருக்கும்போது ஆடலோட்டச் சுருளைத் தண்டிலிருந்து கழற்றி வெளியே எடுக்காதீர்கள், இரும்பு இல்லாத சுருள் வெகு விரைவில் எரியும். 24 வோல்ற்று ஆடலோட்டச் சுருளுக்கு 24 வோல்ற்று நேரோட்டம் கொடுக்காதீர்கள். நேரோட்டத்தில் தூண்டுதிறன் உதவிக்கு வராது, செப்புக் கம்பியின் தடை ஒன்றுதான் மின்னோட்டத்தை மறிக்கும்.

கேட்டவர் மீண்டும்: நீர்வேலித் தோட்டம்

இரண்டு ஐயாமாருக்கும் நன்றி. நேற்று அளந்தேன். காலையில் காற்று 29 பாகை, சுருளின் தடை 24.0 ஓம். மத்தியானம் 12 மணிக்குப் பற்றரியில் 14.2 வோல்ற்று நின்றது. பெட்டிக்குள் இருந்த காற்று 38 பாகை. மின்னைத் துண்டித்து அளந்தபோது தடை 31.2 ஓம். கணக்குப் போட்டால் 108 பாகை வருகிறது. பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்தேன். வால்வில் காவலி வகுப்பும் இல்லை, ஈ.டி. வீதமும் இல்லை. அழுத்த வீச்சு மட்டும் இருக்கிறது, 0.02 மெகாபஸ்காலிலிருந்து தொடங்குகிறது.

பதில் 3: பௌதிகவியல் ஆசிரியர், கோப்பாய்

கணக்கு சரி. 108 என்பது சராசரி மட்டுமே, நடுவிலுள்ள சுற்றுகள் அதைவிடச் சூடாக இருந்திருக்கும். நான்கு மீற்றர் உயரத் தொட்டி ஏறத்தாழ 0.04 மெகாபஸ்கால் அழுத்தம் தரும் என்பதால் வால்வு திறப்பதற்கு அழுத்தம் போதும், அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை.

இனி உங்கள் அளவுகளிலிருந்தே ஒரு பயனுள்ள எண்ணை எடுக்கலாம். 14.2 இன் வர்க்கத்தை 31.2 ஆல் வகுத்தால் 6.46 வாற்று. அந்த வலு, காற்றைவிட 70 பாகை மேலே சுருளைக் கொண்டுபோயிருக்கிறது. ஆக, ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 10.8 பாகை ஏறும். இதே வால்வை ஒன்றரை வாற்றில் பிடித்து வைத்திருக்க முடிந்தால் வெப்ப ஏற்றம் 16 பாகைக்குள் அடங்கிவிடும்.

பிடித்து வைத்திருக்க முடியுமா என்றால், முடியும். தண்டு வெளியே இருக்கும்போது அதற்கும் இரும்புக்கும் நடுவில் சில மில்லிமீற்றர் காற்று இடைவெளி இருக்கிறது. காந்தப்பாயம் பாயும் பாதையில் பெரிய தடங்கல் அந்த இடைவெளிதான். தண்டு உள்ளே போய் ஒட்டியதும் இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமற் போய்விடுகிறது, அதே மின்னோட்டம் பல மடங்கு விசையைத் தருகிறது. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவதற்கு வேண்டிய பலம் அதைக் கட்டின்மேல் வைத்துக்கொண்டிருப்பதற்கு வேண்டியதில்லை அல்லவா. நீங்கள் இப்போது ஆறு மணித்தியாலமும் தூக்குகிற பலத்தையே செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். வோல்ற்றளவைப் பாதியாக்கினால் வெப்பம் காற்பங்காகும், மூன்றிலொன்றாக்கினால் ஒன்பதிலொன்றாகும்.

பதில் 4: மின்சுற்றுப் பித்து, கொக்குவில்

ஆசிரியர் சொன்னதைச் சுற்றாக எப்படிக் கட்டுவது என்பதை எழுதுகிறேன். முதலில் ஒரு சோதனை தேவை. வோல்ற்றளவை மாற்றக்கூடிய மின்வழங்கி ஒன்றால் வால்வை 12 வோல்ற்றில் திறந்து, குழாயில் தண்ணீர் ஓடும் நிலையில், மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எந்த வோல்ற்றளவில் டக் என்று மூடுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு மடங்கைப் பிடிக்கும் வோல்ற்றளவாக வைத்தால் நல்ல பாதுகாப்பு எல்லை கிடைக்கும். வழங்கி இல்லையென்றால் அண்ணை ஒரு சனிக்கிழமை இங்கே கொண்டுவரலாம், என்னிடம் இருக்கிறது.

மிக எளிய சுற்றுக்கு மைக்ரோகொன்ரோலர் ஒன்றும் வேண்டாம். சுருளுடன் தொடராக 33 ஓம், 5 வாற்றுக் கம்பிச்சுற்றுத் தடை ஒன்றைப் போடுங்கள். அந்தத் தடைக்குச் சமாந்தரமாக 4700 மைக்ரோபரட், 25 வோல்ற்று மின்பகுப்புக் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றைப் போடுங்கள், நேர்முனை பற்றரியின் பக்கம் இருக்க வேண்டும். ஆளியைப் போட்ட கணத்தில் வெறுமையான கொள்ளளவி குறுஞ்சுற்றுப்போல நடந்து முழு வோல்ற்றளவையும் சுருளுக்குக் கொடுக்கும், தண்டு இழுபடும். கொள்ளளவி நிரம்பியதும் மின்னோட்டம் தடை வழியாக மட்டுமே போகும். 14.2 வோல்ற்றில் கணக்குப் பார்த்தால் மின்னோட்டம் 0.25 அம்பியர், சுருளில் ஏறத்தாழ 6 வோல்ற்று, வெப்பம் 1.5 வாற்று. பற்றரி 11.8 இற்கு இறங்கினாலும் சுருளில் 5 வோல்ற்று நிற்கும். தடையில் 2 வாற்று வீணாகும் என்பது உண்மை, ஆனால் முன்னர் பற்றரியிலிருந்து போய்க்கொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் மொத்தச் செலவு பாதியளவுக்குக் குறைந்துவிடும். தடையும் சுடும், ஆகையால் அதைப் பிளாஸ்ரிக்கில் படாமல் தூக்கி வையுங்கள். நிறுத்தியபின் கொள்ளளவி வெறுமையாக ஒரு செக்கன் வரை செல்லும், அதற்குள் திரும்பப் போட்டால் இழுக்காது.

சுருளுக்குக் குறுக்கே 1என்4007 இருவாயி (டயோட்) ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், வெள்ளைக் கோடு உள்ள முனை நேர்ப்பக்கம். ஆளியை நிறுத்தும்போது சுருளில் தேங்கிய காந்தச் சக்தி வெளியேற வழி தேடி நூற்றுக்கணக்கான வோல்ற்று எழும்பி, ரைமரின் ரிலே முனைகளைத் தின்றுவிடும்.

ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று கையில் இருந்தால் இன்னும் நேர்த்தியாகச் செய்யலாம். ஐ.ஆர்.எல்.இசட்.44என் போன்ற, 5 வோல்ற்றிலேயே முழுதாக மின்னைக் கடத்தும் மொஸ்பெற் (மின்னால் இயங்கும் ஆளி) ஒன்றால் 200 மில்லிசெக்கனுக்கு முழு மின் கொடுத்து, அதற்குப் பிறகு 40 வீதத் துடிப்பகலத்துக்கு, அதாவது மின்னை வேகமாகப் போட்டு நிறுத்தி நேரத்தின் 40 வீதம் மட்டும் கொடுக்கும் அளவுக்கு, இறங்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் பெரும்பாலான முனைகளில் துடிப்பு மீடிறன் இயல்பாக 490 ஹேர்ற்சு, அந்த இரைச்சலைத் தாங்க முடியாது. 20 கிலோஹேர்ற்சுக்கு மேலே உயர்த்தினால் காதுக்கு எட்டாது. ஆனால் அந்த வேகத்தில் 1என்4007 மந்தமானது, யு.எஃப்.4007 அல்லது 1என்5819 போட வேண்டும். மொஸ்பெற்றின் கேற்றிலிருந்து (கட்டுப்பாட்டு முனையிலிருந்து) தரைக்கு 10 கிலோஓம் தடை ஒன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆர்டுயினோ விழித்தெழும் கணத்தில் வால்வு தன் பாட்டில் திறக்கும். இந்த வழியில் இன்னொரு வசதியும் உண்டு. வயர் தளர்ந்தோ பற்றரி ஒரு கணம் சறுக்கியோ வால்வு மூடிவிட்டால், பிடிக்கும் மின்னோட்டத்தால் அதைத் திரும்பத் திறக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 200 மில்லிசெக்கன் முழு மின்னை மறுபடி கொடுக்கும்படி எழுதிவிட்டால் அந்தக் கவலை இல்லை, அதனால் கூடும் வெப்பம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாதது.

பதில் 5: கொயில் கட்டுபவர், சுன்னாகம்

கொக்குவில் தம்பி சொன்ன சுற்றுகள் நல்லவை. ஆனால் மொஸ்பெற் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் குறுஞ்சுற்றாகத்தான் கெடும், அன்றைக்கு முழு மின்னும் சுருளில் நின்றுவிடும். சாதாரண உருகி இங்கே காப்பாற்றாது. சூடேறிய சுருள் எடுப்பது கூடிய மின்னோட்டம் அல்ல, குறைந்த மின்னோட்டம். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருகும்வரை அந்த உருகிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே சுருளின் உடலோடு ஒட்டி, தொடராக, ஒரு வெப்ப உருகி கட்டுங்கள். சோறு சமைக்கும் மின்பானையில் இருக்குமே, அதே வகைதான், வெப்பநிலை மட்டும் குறைவானது வேண்டும். உடலின் வெளிப்புறம் உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ச்சியானது என்பதையும் மனத்தில் வைத்து, 80 பாகையை அண்டிய ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அது ஒருமுறை போனால் போனதுதான், மாற்ற வேண்டும்.

பதில் 6: வல்வெட்டித்துறைக் கடலோரம்

இத்தனை பாடுபடுவதை விட்டு, தாழ் வைக்கும் வகைச் சொலினொயிட் வால்வு வாங்கலாமே. அதற்குள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது. சில பத்து மில்லிசெக்கன் துடிப்பொன்று கொடுத்தால் திறந்து அப்படியே நிற்கும், முனைகளை மாற்றி இன்னொரு துடிப்புக் கொடுத்தால் மூடும். நடுவில் ஒரு துளி மின்னும் வேண்டாம், சூடும் இல்லை. 9 வோல்ற்றுப் பற்றரியில் மாதக்கணக்கில் இயங்கும் நீர்ப்பாசன ரைமர்கள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பயன்படுத்துகின்றன. மின்னால் சுழலும் பந்து வால்வும் அப்படியே, திருப்பும் சில செக்கன்களுக்கு மட்டுமே மின் எடுக்கும்.

பதில் 7: பௌதிகவியல் ஆசிரியர், கோப்பாய்

நல்ல ஆலோசனைதான், புதிதாக வாங்குபவர் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்திருக்கும்போது பற்றரி செத்துப்போனால் தாழ் வைக்கும் வால்வு திறந்தபடியே நிற்கும், தொட்டித் தண்ணீர் முழுவதும் வாழையடிக்குப் போய்விடும். சாதாரணச் சொலினொயிட்டில் மின் போனால் வில்சுருள் தானே மூடிவிடும். இவருடைய தோட்டத்தில் மிஞ்சிப்போனால் ஒரு தொட்டித் தண்ணீர் வீணாகும். மண்ணெண்ணெய், எரிவாயு, கொதிநீர் ஓடும் குழாய்களில் அப்படி விட முடியாது. கதவு மின்பூட்டுகளுக்கும் இதே கேள்விதான்: தீ மூண்டு மின் போனால் கதவு திறக்க வேண்டுமா, பூட்டியிருக்க வேண்டுமா என்பதைத் தீர்த்த பிறகுதான் எந்த நிலையில் சுருளுக்கு மின் கொடுப்பதென்று தீர்க்க வேண்டும்.

அதுபோல, பெரும்பாலான நேரம் திறந்தே இருக்க வேண்டிய இடத்துக்கு மின் இல்லாதபோது திறந்திருக்கும் வகையை வாங்கினால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும். இங்கே நாளில் பதினெட்டு மணித்தியாலம் மூடியிருப்பதால் அது பொருந்தாது.

கேட்டவர் மீண்டும்: நீர்வேலித் தோட்டம்

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். கொக்குவிலுக்கு வால்வைக் கொண்டுபோய்ச் சோதித்தோம். தம்பியின் வீட்டு முற்றத்துக் குழாயில் பூட்டி, தண்ணீரை ஓடவிட்டு வோல்ற்றளவைக் குறைத்துக்கொண்டு வந்தபோது 2.8 வோல்ற்றில்தான் மூடியது. 5 வோல்ற்றில் வைத்து ஸ்குறூ றைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டியும் அசையவில்லை. அதனால் தடையும் கொள்ளளவியும் கொண்ட எளிய சுற்றையே தெரிவு செய்தேன்.

பெட்டியின் பக்கங்களில் ஓட்டை போட்டு, உள்ளே எறும்பு போகாமல் நுளம்பு வலைத் துண்டை ஒட்டினேன். நேற்று ஆறு மணித்தியாலமும் முடிந்த கையோடு அளந்தேன். அந்நேரம் பெட்டிக்குள் காற்று 33 பாகை, சுருளின் தடை 25.8 ஓம். காலை 29 பாகையில் 24.0 என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 49 பாகை வருகிறது. ஆசிரியர் ஐயா சொன்ன 16 பாகை ஏற்றம் அப்படியே வந்திருக்கிறது. மத்தியானத்தில் நிறுத்தி, பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டேன், உடனே திறந்தது.

ஒரு பிழை மட்டும் விட்டேன். வெப்ப உருகியின் காலைப் பற்றாசு பிடிக்கும்போதே அந்தச் சூட்டில் உருகி போய்விட்டது. அது தெரியாமல் அரை நாள் சுற்று முழுவதையும் சோதித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதைக் குறட்டால் காலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குறடு வெப்பத்தை வாங்கும்படி, கணநேரத்தில் பற்றாசு வைத்தேன். பட்டறை ஐயா, அதை முன்னரே சொல்லியிருக்கலாம்.

பதில் 8: கொயில் கட்டுபவர், சுன்னாகம்

சொல்ல மறந்துவிட்டேன் தம்பி, மன்னிக்க வேண்டும். நான் அதற்குப் பற்றாசே வைப்பதில்லை, சிறிய பித்தளைக் குழல் ஒன்றை மாட்டிக் குறட்டால் நசுக்கிவிடுவேன். தண்டைக் கழற்றித் தேசிக்காய்ச் சாற்றில் போடுவதைச் சித்திரைக்கு ஒருமுறை, ஐப்பசிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்வேலித் தண்ணீருக்கு அது காணும்.